ஐயரம்மா குருமனையில் இருந்த காலம்

அன்றைக்கு அந்தப் படத்துக்கு நின்றவர்கள் இவர்கள்தாம்: சபைச் செக்ரட்டரி மாமா, அவருடைய சம்சாரம், பொருளாளர் டீச்சர், கோயிலில் மணியடித்துப் பாய் போடுகிற கோயில்பிள்ளை, என் அப்பா, அம்மா, அக்கா, ஆராதனையில் முன்னால் நின்று பாடும் நர்ஸ் அக்காமார் இரண்டு பேர், பிரஸ்ஸில் அப்பாவோடு வேலை பார்த்த பைண்டர் சித்தப்பா, அவருடைய இரட்டைப் பையன்கள், கூடையை மதில் ஓரமாக இறக்கிவைத்துவிட்டுக் கடைசி வரிசைக்கு ஓடிவந்த மீன்காரம்மா. நடுவில் இரண்டு நாற்காலி. ஒன்றில் ஐயரம்மா. இன்னொன்றில், ஐயர் உட்கார வேண்டிய நாற்காலியில், நான்.

யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். விட்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். மழை இருட்டிக்கொண்டு வந்ததால் ஆராதனை முடிந்ததும் பாதிச் சபை வீட்டுக்கு ஓடிவிட்டது. மிச்சம் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான். படத்தைப் பார்த்து எழுதவில்லை, ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன். படம் என்னிடம் இல்லை. நம்மில் யாரிடமும் இல்லை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதினால் யார் சிரிப்பார்களோ, யார் மனம் நோகுமோ என்று பயந்தே இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டேன். போன வாரம் நம் கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு தம்பி, ‘நமக்கு அடுத்த ஆயர் எப்ப வருவார்?’ என்று கேட்டிருந்தான். அதற்குப் பதிலாக ஒருவர் கைகூப்பிய படம் போட்டார். அதைப் பார்த்து வரிசையாக எல்லோரும் கைகூப்பிய படம் போட்டார்கள். நானும் போட்டேன். போட்டுவிட்டுத் தூக்கம் வரவில்லை. நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும், முன்பும் ஒரு தடவை நாம் இப்படி ஆளில்லாமல் காத்துக்கொண்டிருந்தோம்.

அப்போதெல்லாம் ஆயர் என்று யார் சொன்னார்கள்? நமக்கு ஐயர்தான். அவர் மனைவி ஐயரம்மா. அவர்கள் குடியிருக்கிற வீடு குருமனை. மந்தைவெளி பஸ் டிப்போவுக்குப் பின்பக்கத்துச் சந்தில் கோயிலும் குருமனையும் ஒரே மதிலுக்குள் இருந்தன. நடுவில் ஒரு நந்தியாவட்டை. பூவைப் பறித்தால் காம்பில் பால் வடிந்து விரல் பிசுபிசுக்கும். அதே விரலோடு ஆர்மோனியத்தைத் தொட்டால் ஐயரம்மா கையில் ஒரு தட்டு தட்டுவார், வலிக்காமல்.

அந்த ஆர்மோனியம் காலால் மிதித்து வாசிப்பது. துருத்தியை எலி கடித்திருந்தது. ஐயரம்மா சாக்குத் துணியும் கோந்தும் வைத்து ஒட்டியிருந்தார். மிதிக்கும்போதெல்லாம் பாட்டுக்கு அடியில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்கும், ஆஸ்துமாக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பாடுவதுபோல. அது எங்கே போயிற்று என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? கீபோர்டு வந்த வருஷம், ஐயர் அங்கி மாட்டிக்கொள்ளும் வெஸ்ட்ரி அறை மூலையில் பார்த்தது. அப்புறம் காணவில்லை.

கத்திரி வெயிலில் ஐயர் இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். ஐயரம்மா பானையிலிருந்து மொண்டு வருவதற்குள் தலை மேஜையில் சாய்ந்துவிட்டது. கீழ்ப்பாக்கம் கல்லறைக்குப் பெரிய கூட்டம் போனது. திரும்பி வந்தபோது ஐயரம்மா குருமனைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் காலையில் திறந்து எப்போதும்போல் கோலப்பொடி இல்லாத வெறும் வாசலுக்குத் தண்ணீர் தெளித்தார்.

அன்றிலிருந்து நமக்கு ஐயர் இல்லை. ஞாயிறுதோறும் வேறு வேறு சபையிலிருந்து ஒருவர் வருவார். வருகிறவருக்கு மதியச் சாப்பாடு முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும். ஒரு ஐயர் வந்தார், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி ஆறி நெய்யாக உறைந்து, அம்மா அதை மறுபடி சுடவைத்துக் கருகவிட்டு, அழுதுகொண்டே பரிமாறினாள். இன்னொரு ஐயர் மயிலாப்பூர்க் குளத்துப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி, “இங்க ஐயர் வீடு எங்க இருக்கு?” என்று கேட்டிருக்கிறார். மாட வீதியில் அப்படிக் கேட்டால் என்ன ஆகும்! யாரோ ஒரு வீட்டைக் காட்ட, அங்கே ஒரு மாமி, “வாங்கோ, உக்காருங்கோ, மாமா குளிச்சிண்டிருக்கார்” என்று காபி கொடுத்து உட்காரவைத்துவிட்டாள். மாமா துண்டோடு வந்து, அங்கிப் பையும் வேதப்புத்தகமுமாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துத் திகைத்து, பிறகு தானே ரிக்‌ஷா பிடித்து அனுப்பிவைத்தார். அவர் வந்து சேர்வதற்குள் கோயில்பிள்ளை மூன்று தடவை மணியடித்துவிட்டார். அப்பா முழங்காலில் நின்று தனக்குத் தெரிந்த ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிரித்தோம். ஆனால் பெரியவர்களுக்குச் சிரிப்பாக இல்லை. நோயாளிக்கு ஜெபிக்க ஆள் இல்லை. பைண்டர் சித்தப்பாவின் தாயார் சாகக் கிடந்தபோது தேனாம்பேட்டைக்கு ஆள் அனுப்பினார்கள். அங்கிருந்து ஐயர் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. சித்தப்பா அந்த ஐயரைத் திட்டவில்லை. சுவரைப் பார்த்து நின்றார்.

அதற்குப் பிறகுதான் செக்ரட்டரி மாமா பேராயர் ஆபீசுக்குப் போனது. திரும்பி வந்து வெஸ்ட்ரியில் கமிட்டி கூட்டினார். கோயில்பிள்ளையோடு பாய் சுருட்டிக்கொண்டிருந்த என்னை யாரும் போகச் சொல்லவில்லை.

“ஒரே கேள்விதான் கேட்டாங்க. குருமனை காலியா இருக்கா? காலியான மறுவாரமே ஆள் அனுப்பறோம்னாங்க. கிறிஸ்துமஸுக்கு முந்தி அட்வெந்துக்குள்ள ஆகலேன்னா நம்மளைத் தேனாம்பேட்டை சபையோட சேர்த்துடுவாங்களாம்.”

“சேர்க்கறதுன்னா?” என்றார் அப்பா.

“சேர்க்கறதுன்னா பூட்டறது. வேற என்ன?”

யாரும் குருமனைப் பக்கம் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக ஐயரம்மாவின் இருமல் கேட்டது.

“பாவம், எங்க போவாங்க? பிள்ளையில்ல, குட்டியில்ல” என்றார் டீச்சர். “யார் போய்ச் சொல்றது?”

செக்ரட்டரி மாமாவே போனார். நான் பின்னாலேயே போனேன், சாயங்காலம் எனக்கு அங்கே கணக்குப் பாடம். மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காபி குடித்தார். கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். “ஐயரம்மா, உங்க குழாய் ஒழுகுதா?” என்று கேட்டார். “இல்லையே” என்றார் ஐயரம்மா. “ஒழுகினா சொல்லுங்க” என்று எழுந்து வந்துவிட்டார்.

அடுத்தது டீச்சர். அவர் போய் இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். வரும்போது டீச்சர் கையில் ஐயரம்மா கொடுத்த மாங்காய் ஊறுகாய் இருந்தது.

பிறகு வாயால் சொல்ல வேண்டாம், தானாகப் புரிந்துகொள்ளட்டும் என்று வெள்ளையடிக்க ஆள் அனுப்பினார்கள். ஐயரம்மா அவனுக்கு மோர் கொடுத்தார். இந்த அறையை அவன் அடிக்கும்போது அந்த அறைக்குப் போனார், அந்த அறையை அடிக்கும்போது இந்த அறைக்கு வந்தார். வீடு பளிச்சென்று ஆயிற்று. ஐயரம்மா அப்படியே இருந்தார். மனசாட்சி உறுத்தினதால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பாடு போனது. அம்மா என்னிடம் அவியல் கொடுத்து அனுப்புவாள். “எதுக்குடி இவ்வளவு செய்யறாங்க?” என்று ஐயரம்மா தட்டைத் திறந்து பார்த்துக்கொண்டே கேட்பார். எனக்கு என்ன தெரியும்? “உங்களை எல்லாருக்கும் பிடிக்கும்” என்று சொல்வேன். அதுவும் உண்மைதான்.

பெரியவர்கள் பயந்தது அவர் போகாமல் இருந்துவிடுவாரோ என்று. நான் பயந்தது போய்விடுவாரோ என்று. கோயில் பூட்டப்பட்டாலும் பரவாயில்லை, தேனாம்பேட்டைக்கு பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு வராது. பின்னம் என்றால் நோட்டை மூடிவிடுவேன். ஐயரம்மாதான் பழைய செய்தித்தாளை மடித்து மடித்துக் காட்டினார். நாலாக மடி. மூன்று பங்கு உன் மடியில் வை, ஒரு பங்கு என் மடியில் வை. இப்போ உன்கிட்ட எவ்வளவு இருக்கு? இப்படி. மடிப்புச் சரியாக வந்தால் அவர் விரல் நகத்தால் அதை ஒரு இழு இழுத்துக் கூர்மையாக்குவார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த வீட்டு வாசனையும்: அந்துருண்டை, காபித்தூள், புதுச் சுண்ணாம்பு. நான் எழுதியது ஒரு தாழ்வான மேஜையில். பூப்போட்ட படுக்கை விரிப்பு தரை வரைக்கும் தொங்கும். எழுதும்போது பேனா முனை இடித்தால் டங் என்று தகரச் சத்தம் வரும். தகர மேஜை என்றே நினைத்திருந்தேன்.

மழைக் காலம் தொடங்கும்போது ஒரு நாள் மீன்காரம்மா வந்தாள். பட்டினப்பாக்கத்திலிருந்து கூடையைத் தலையில் வைத்து நடந்தே வருவாள். நம் சந்தில் கிறிஸ்தவ வீடு, இந்து வீடு எல்லாம் அவளுக்குக் கணக்கு. ஐயரம்மா சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தகர மேஜையில்.

“இன்னா ஐயரம்மா, வூட்ட காலி பண்ணப் போறியா இல்லியா? தெருவே பேசிக்கினு கீது.”

ஐயரம்மா மீனைக் கீழே வைத்தார். “யார் பேசறா?”

“அல்லாரும்தான். உன் மூஞ்சிக்கு நேரா எவனும் சொல்ல மாட்டான். வருவான், காப்பி குடிப்பான், பூடுவான். புது சாமியாரு வரணும்னா நீ போணுமாமே?”

நான் ஐயரம்மா முகத்தைப் பார்த்தேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து, என் நோட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பூப்போட்ட விரிப்பை ஒரே இழுப்பாக இழுத்தார். மேஜை இல்லை. கயிறு போட்டுக் கட்டிய டிரங்குப் பெட்டி. அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஐயர் பெயர்.

“பெட்டி கட்டி மூணு மாசம் ஆச்சு. வேலூர்ல தங்கச்சி ரூமைப் பெருக்கி வெச்சுக்கிட்டு, எப்ப வரே எப்ப வரேன்னு கேட்டுக்கிட்டே இருக்கா.”

“அப்றம் இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு கீற?”

ஐயரம்மா பெட்டி மேலேயே உட்கார்ந்தார். “ஆறு ஊர் மாறியிருக்கோம். ஒரு ஊர்லகூட நாங்களா பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினதில்ல. வழியனுப்புக் கூட்டம் வெப்பாங்க. ஜெபம் பண்ணி, மாலை போட்டு, எல்லாருமா நின்னு படம் எடுத்து, வாசல் வரைக்கும் கூட வருவாங்க. அப்பத்தான் அந்த ஊர் முடிஞ்சதுன்னு அர்த்தம். இங்க அவரைக் கல்லறைக்கு அனுப்பினாங்க. என்னை இன்னும் யாரும் அனுப்பலையே. சொல்லாம கொள்ளாமப் போறதுக்கு நான் என்ன கடன்காரியா?”

மீன்காரம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். “அட ஆண்டவரே! இத்த வாயத் தொறந்து சொல்லக் கூடாது?”

“வழியனுப்பு வைங்கன்னு நானே எப்படிக் கேக்கறது? அசிங்கமா இருக்காது? சாப்பாடு வேற வந்துக்கிட்டே இருக்கு. இருக்கச் சொல்றாங்களோன்னு நெனச்சேன்.”

மீன்காரம்மா மீனை விற்காமலே கூடையைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன். “உங்க ஆளுங்க யாருக்கும் வாயி இல்லியா?” என்று அம்மாவிடம் ஆரம்பித்தவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா அப்பாவிடம், அப்பா செக்ரட்டரி மாமாவிடம்.

“ஐயையோ, வழியனுப்பு வெச்சா ‘கிளம்பு’ன்னு கழுத்தைப் பிடிச்சுத் தள்ளின மாதிரி ஆயிடுமேன்னுதானே நான் வாயே திறக்கல!” என்றார் மாமா. அவருக்கு நிஜமாகவே கண்ணில் தண்ணீர். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கோயில்பிள்ளை மட்டும், “ஞாயித்துக்கிழமையே வெச்சுடலாம். மாலைக்கு நான் குளத்துக்கிட்ட பூக்கடையில சொல்லிடறேன்” என்றார்.

எல்லோருக்கும் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. எனக்கு மீன்காரம்மா மேல் அப்படி ஒரு கோபம். அந்த வாரம் முழுக்க மீன் குழம்பைத் தொடவில்லை. அம்மா ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஐயரம்மாவே ஆர்மோனியம் வாசித்தார். ஆஸ்துமா மூச்சோடு கடைசிப் பாட்டு முடிந்தது. செக்ரட்டரி மாமா பேச எழுந்து, “ஐயரம்மா” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். மல்லிகை மாலை அவ்வளவு பெரியது, போட்டதும் ஐயரம்மாவின் தாடை மறைந்துபோயிற்று.

வெளியே மயிலாப்பூர் லஸ் முனையிலிருந்து வந்த ஸ்டூடியோக்காரர் முக்காலியில் காமிராவை நிறுத்தி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழியனுப்புப் படத்தில் ஐயரும் ஐயரம்மாவும் நடுவில் உட்காருவது வழக்கம் அல்லவா? பழக்கத் தோஷத்தில் கோயில்பிள்ளை இரண்டு நாற்காலி போட்டுவிட்டார். போட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒன்றை எடுக்கவும் கை வரவில்லை. ஐயரம்மா ஒன்றில் உட்கார்ந்தார். மற்றது சும்மா இருந்தது. எல்லோரும் அதைப் பார்க்காத மாதிரி நின்றோம்.

“சார், நடுவுல ஓட்டை மாதிரி கீதே. யாராச்சும் குந்துங்க சார், மழை வருது” என்றார் ஸ்டூடியோக்காரர்.

செக்ரட்டரி மாமா பின்வாங்கினார். அப்பா தலையை ஆட்டினார். ஐயரம்மா திரும்பி என்னைப் பார்த்தார். “நீ வா.”

“ஐயோ, ஐயர் நாற்காலியில பிள்ளையா!” என்றாள் அம்மா.

“அவருக்கு மடியில பிள்ளை இருந்ததில்ல. நாற்காலியிலயாவது இருக்கட்டும்” என்றார் ஐயரம்மா.

உட்கார்ந்தேன். கால் தரையில் எட்டவில்லை. பிரம்பு குத்தியது. ஐயரம்மா கை என் கை மேல் இருந்தது. மாலையின் ஈரம் என் தோளில் பட்டது. படம் எடுக்கும்போது சிரித்தேனா, விறைத்துக்கொண்டு இருந்தேனா, கண்ணை மூடிவிட்டேனா, தெரியாது. முதல் சொட்டு விழுவதற்கும் ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுப்பதற்கும் சரியாக இருந்தது.

“பிரேமோட மொத்தம் முப்பத்தஞ்சு ரூபா சார். பாதி இப்ப, பாதி படம் வாங்க வரப்ப.”

செக்ரட்டரி மாமா விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஐயரம்மா என் முழங்கையை இடித்தார். “நீ சொல்லு. முப்பத்தஞ்சுல பாதி.”

மனதுக்குள் காகிதத்தை மடித்தேன். சொன்னேன்.

“பாத்தீங்களா!” என்றார் ஐயரம்மா எல்லோரையும் பார்த்து. “என் பிள்ளை!”

மழையிலேயே டாக்சி வந்தது. டிரங்குப் பெட்டியை பைண்டர் சித்தப்பா மேலே ஏற்றிக் கட்டினார். வாசல் வரைக்கும் எல்லோரும் போனோம். டாக்சி டிப்போப் பக்கம் திரும்பினதும் குருமனைக்கு ஓடினேன். வெள்ளையடித்த அறையில் பெட்டி இருந்த இடம் மட்டும் தரையில் சதுரமாக, வேறு நிறத்தில் இருந்தது. நோட்டை அதன் மேல் வைத்து உட்கார்ந்து பார்த்தேன். உயரம் போதவில்லை.

அட்வெந்துக்குள் புது ஐயர் வந்தார். நல்லவர். நாலு பிள்ளைகள், எப்போதும் சத்தம். சபை பிழைத்தது. என் அக்கா கல்யாணம், என் கல்யாணம், எல்லாம் நம் கோயிலிலேயே நடந்தது. பேராயர் ஆபீசிலிருந்து வந்து யாரும் பூட்டவில்லை. ஆனால் அந்தக் குருமனையில் என்னை உட்காரவைத்துக் காகிதம் மடிக்க யாருக்கும் நேரமில்லை. எட்டாவதில் கணக்கில் விழுந்தேன். தி. நகரில் ஒரு தையல் கம்பெனியில் பட்டன் கட்டப் போனேன். யாரையும் குறை சொல்லவில்லை. பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும்போது துணியை மடித்து நகத்தால் இழுத்தால் அதே சத்தம் வரும், அவ்வளவுதான். வேலூருக்கு ஒரு தடவை போகவேண்டும் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். கிறிஸ்துமஸ் போகட்டும், ஈஸ்டர் போகட்டும் என்றாள். பிறகு ஒரு நாள் ஆராதனை அறிவிப்பில் ஐயரம்மாவின் மரணச் செய்தியை வாசித்தார்கள்.

படத்துக்கு வருகிறேன். மீதிப் பணத்தைச் செக்ரட்டரி கொடுத்திருப்பார் என்று டீச்சர் நினைத்தார். டீச்சர் கொடுத்திருப்பார் என்று மாமா நினைத்தார். ஒருவரை ஒருவர் கேட்டால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. ஐயரம்மாவை வழியனுப்பியும் நமக்குப் புத்தி வரவில்லை பாருங்கள். லஸ்ஸில் அந்த ஸ்டூடியோ கண்ணாடிப் பெட்டியில் வாங்காத படங்களை மாட்டி வைப்பார்கள். நம் படமும் அங்கே இருக்கிறது என்று அக்கா ஒரு நாள் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டு வந்து சொன்னாள். “நீ நடுவுல ராணி மாதிரி இருக்கேடி.” எனக்குப் போய்ப் பார்க்க ஆசை. பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஸ்டூடியோக்காரர் அடையாளம் கண்டு, மீதியைக் கொடு என்று கையைப் பிடித்துவிட்டால்? அந்த நடைபாதைப் பக்கமே போகமாட்டேன். எதிர்ச்சாரியில் தலையைக் குனிந்துகொண்டு போவேன். சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. துணிந்து ஒரு நாள் பர்ஸோடு போனபோது அங்கே செருப்புக் கடை. இப்போது செல்போன் கடை.

போன ஆயரும் மாற்றல் என்று அவசரமாகக் கிளம்பினார். கூட்டம் பிறகு வைக்கலாம் என்றோம். அவருடைய புத்தக அலமாரி இன்னும் குருமனையில்தான் இருக்கிறது, கவனித்தீர்களா? வருகிறவருக்காகக் கைகூப்புகிறோம். சரிதான். போனவரை ஒரு நாள் கூப்பிட்டு மாலை போட்டு அனுப்பிவிடலாமே என்று குரூப்பில் எழுத நினைத்து, யார் என்ன நினைப்பார்களோ என்று அழித்துவிட்டேன். அதனால்தான் இங்கே, நம் சபைப் பத்திரிகையில் எழுதுகிறேன். படத்துக்கு யாரையாவது கூப்பிடுவதாக இருந்தால், முழுப் பணத்தையும் முன்னாலேயே நான் கொடுத்துவிடுகிறேன்.

பழைய படத்துக்கு இன்னும் கொடுக்க வேண்டியது, அன்றைக்கு மழையில் ஐயரம்மாவிடம் நான் சரியாகச் சொன்ன அதே விடை: பதினேழரை ரூபாய்.